சத்து மாத்திரை என்று சொன்னோம்

போன வாரம் வினோதினி போன் செய்தாள். என் அக்கா மகள். கீரனூரில் வாழ்க்கைப்பட்டவள்.

"சித்தி, எங்க கதையை எழுதுங்க" என்றாள்.

"எந்தக் கதைடி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்த மாத்திரைக் கதைதான். வாராவாரம் ஊருக்கெல்லாம் எழுதுறீங்கள்ல... இதையும் எழுதுங்க. பேரை மட்டும் மாத்திக்கங்க."

மாற்றிவிட்டேன். வினோதினி என்பது நான் வைத்த பெயர். இதில் வரும் மற்ற பெயர்களும் அப்படித்தான். நடந்தது மட்டும் நடந்தபடியே.

ஒரு வருடத்துக்கு மேலாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம். இதில் தப்பு செய்தவர்களில் நானும் ஒருத்தி... இல்லை, முதல் ஆளே நான்தான்.

வினோதினிக்குக் காலேஜ் இரண்டாம் வருடத்தில் தலைவலி ஆரம்பித்தது. நீங்களும் நானும் சூடாக ஒரு காபி குடித்துச் சமாளிக்கிற தலைவலி இல்லை அது. முதலில் கண்ணோரத்தில் கோணல்மாணலாக ஒரு வெளிச்சம் ஓடும். அரை மணி நேரத்தில் ஒரு பக்க மண்டை இடிக்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இவள் இங்கே வாந்தி எடுப்பாள். ஜன்னலை அடைத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சுருண்டு கிடப்பாள். மாதத்தில் ஏழெட்டு நாள் இப்படி. பாதிப் பரீட்சையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்த கதையும் உண்டு.

அக்காவும் நானும் திண்டுக்கல் நாகல் நகரில் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் அவர்கள் கொடுத்ததையெல்லாம் ஒரு வருடம் வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகு, நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மைக்ரேன் என்றார். முதலில் எழுதிக் கொடுத்த மருந்துகள் அவளுக்குச் சரிப்படவில்லை. ஒன்றைச் சாப்பிட்டால் மூச்சு இழுத்தது. இன்னொன்றில் நாளெல்லாம் தூக்கம். அதன்பிறகுதான் இந்த மாத்திரையை எழுதினார்.

எழுதும்போதே பேனாவை வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்.

"இது வலி வந்தப்புறம் போடுற மாத்திரை இல்ல. வராம இருக்கிறதுக்கு, தினமும் சாப்பிடுறது. இன்னொண்ணு முக்கியம். இதைச் சாப்பிடும்போது கர்ப்பமாகக் கூடாது. குழந்தையைப் பாதிக்கும். கல்யாணப் பேச்சு எடுத்தா, தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்துருங்க. வேற மருந்துக்கு மாத்தணும்."

சீட்டிலும் எழுதி அடிக்கோடு போட்டார். நாங்கள் தலையாட்டினோம். கல்யாணமா? அது எங்கேயோ இருந்தது அப்போது.

மாத்திரை கேட்டது. ஏழெட்டு நாள் என்பது மாதம் ஒரு நாளாயிற்று. பிறகு அதுவும் இல்லை. டிகிரி முடித்தாள். ஒரு நூல் மில் ஆபீஸில் வேலைக்குப் போனாள். பிள்ளை முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து அக்கா டாக்டரைக் கும்பிட்டாளே தவிர, மறுபடி போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் அதே சீட்டு. கடைக்காரர் சீட்டைக் கேட்பதையே விட்டுவிட்டார். காலி அட்டையைக் காட்டினால் போதும், புது அட்டை வந்துவிடும்.

கீரனூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பிரபு, பழனியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை. தோட்டம் இருக்கிறது, தென்னை இருக்கிறது. அப்பா இல்லை, அம்மா மட்டும். எல்லாருக்கும் பிடித்துப்போனது. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா முகம் வெளிறி என் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த மாத்திரை பேரை செல்லுல போட்டுப் பார்த்தா என்ன வருதுன்னு தெரியுமாடி? வலிப்பு மருந்துன்னு வருது!"

உண்மைதான். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையைச் சில பேருக்கு மைக்ரேனுக்கும் கொடுக்கிறார்கள். டாக்டர் இதையும் சொல்லியிருந்தார். ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் போய் இதையெல்லாம் விளக்க முடியுமா? வலிப்பு என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதாதா, அவர்கள் எழுந்து போவதற்கு?

"டாக்டர் முன்கூட்டியே வரச் சொன்னாரேக்கா?" என்றேன்.

"இப்பப் போயி மாத்தி, புது மாத்திரை ஒத்துக்காம முகூர்த்தத்தன்னைக்குத் தலைவலி வந்துச்சுன்னா? மணவறையில வாந்தி எடுத்தான்னா? அம்புட்டுதான். கல்யாணம் முடியட்டும்டி. ஒரே மாசம். நானே கூட்டிட்டுப் போயிருறேன்."

கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. அதோடு நின்றிருக்கலாம். என் புத்திசாலித்தனம் சும்மா இருக்கவில்லை.

அலமாரியில் ஒரு காலி வைட்டமின் பாட்டில் இருந்தது. கழுவிக் காயவைத்தேன். நானும் அக்காவும் உட்கார்ந்து, அட்டை அட்டையாக மாத்திரைகளைப் பிதுக்கி அதில் நிரப்பினோம். அட்டைகளைக் குப்பையில் போட்டோம். "யாரும் கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லிரு" என்று வினோதினி கையில் கொடுத்தேன்.

அவள் பாட்டிலை வாங்கவில்லை.

"சித்தி... நான் அவர்கிட்ட மட்டுமாவது சொல்லிரவா?"

"அவசரப்படாத. மொதல்ல அந்த வீட்டுல மனசுல இடம் பிடி. பெறகு சொல்லிக்கலாம்."

இது நான் சொன்னது. வாராவாரம் உங்களுக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்கிற நான்.

கல்யாணம் முடிந்தது. அக்கா சொன்ன ஒரு மாதம் வந்தது, போனது. தலை தீபாவளி, தலைப் பொங்கல், அங்கே வெங்காய அறுவடை, இங்கே அக்காவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அக்கா கீரனூர் போகும்போதெல்லாம் பாட்டிலை நிரப்பிவிட்டு வந்தாள். போனில்கூட எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. "சத்து மாத்திரை இருக்காடி?" "இருக்கும்மா, பத்து நாளைக்கு வரும்." நாங்களே நம்பிவிட்டோமோ என்னவோ...

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வினோதினி பழனியிலிருந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தா. பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம்.

"சித்தி, உண்டாயிருக்கேன். ஏழு வாரம்னு சொல்றாங்க."

நான் சந்தோஷத்தில் என்னவோ கத்தினேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"இருங்க சித்தி. அத்தை மருந்து வாங்கப் போயிருக்காங்க, அதுக்குள்ள சொல்லிர்றேன். வேற என்ன மாத்திரை சாப்பிடறேன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அத்தை பக்கத்துலயே நின்னாங்க. சத்து மாத்திரைன்னு சொல்லிட்டேன்."

"சரி..."

"அதையே தொடர்ந்து சாப்பிடச் சொல்லிட்டாங்க, சித்தி."

டாக்டர் அடிக்கோடு போட்ட அந்த வரி கண்முன்னே வந்தது. மறந்துவிட்டோம் என்று சொன்னால் அது பொய். ஒரு நாளும் மறக்கவில்லை. ஒத்திப்போட்டோம்.

நரம்பு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டேன். மத்தியானம் அவரே கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எத்தனை வாரம், என்ன அளவு என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னைக்கு மாத்திரை சாப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. அவங்க பார்க்கிற லேடி டாக்டர்கிட்ட மாத்திரையோட உண்மையான பேரைச் சொல்லணும்."

"சரிங்க டாக்டர். இனிமே யாரு இந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் நிறுத்தச் சொல்லிப் பேப்பர்ல எழுதி..."

"அதைத்தான் செய்யாதீங்க!" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "வலிப்புக்காக இதைச் சாப்பிடுறவங்க, கர்ப்பமாவே இருந்தாலும் அவங்களா நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டரைப் பார்க்கணும், அவ்வளவுதான். உங்க பொண்ணுக்கு இது தலைவலிக்காகக் குடுத்தது. அதனால நிறுத்தச் சொல்றேன். எதை ஆரம்பிக்கிறது, எதை நிறுத்துறதுன்னு நீங்களா முடிவு பண்றது இனிமேலாவது வேண்டாம்."

அந்த 'இனிமேலாவது' இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த மாத்திரையின் பெயரை நான் இங்கே எழுதாமல் விட்டதற்கும் அதுதான் காரணம்.

மறுநாள் விடிந்ததும் நானும் அக்காவும் பஸ் ஏறினோம். பழனியில் இறங்கி, கீரனூருக்கு வேறு பஸ். வழியெல்லாம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"அவுககிட்ட எதுவும் சொல்ல வேணாம்டி. ஒரு வேண்டுதல் இருக்கு, கோயிலுக்குப் போகணும்னு சொல்லி வினோவைக் கூட்டிட்டு வந்துருவோம். டாக்டரைப் பார்த்துட்டுக் கொண்டாந்து விட்டுருவோம்."

நான் தலையாட்டினேன். ஆமாம்... அப்போதும் தலையாட்டினேன்.

சம்பந்தியம்மா பழனியம்மாள் வாசலில் சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, வாங்க! சேதி கேட்டதும் புள்ளையப் பாக்கோணும்னு ஓடியாந்துட்டீங்களாக்கும். உள்ள வாங்க."

காபி வந்தது. பிரபு வேலைக்குப் புறப்பட்டு, கையில் ஹெல்மெட்டோடு நின்றான். அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "சம்பந்தி, ஒரு வேண்டுதல் இருக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் வினோதினி அறையிலிருந்து வந்தாள். கையில் அந்தப் பாட்டில். மாமியார் முன்னால் தரையில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"அத்தை, இது சத்து மாத்திரை இல்லீங்க. தலைவலிக்குச் சாப்பிடற மாத்திரை. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே சாப்பிடறேன். வயித்துல குழந்தை இருக்கும்போது சாப்பிடக் கூடாதாம். நான் சாப்பிட்டுட்டேன். நேத்துத்தான் நிறுத்தினேன்."

பழனியம்மாள் பாட்டிலைக் கையில் எடுத்தார். மேலே ஆரஞ்சுப் பழப் படம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு என்னாகுமுங்க?"

அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"தெரியலைங்க. டாக்டர் உடனே வரச் சொல்லியிருக்கார்" என்றேன்.

"பாட்டல் யாருதுங்க?"

"என்னுது."

"படிச்சவிங்க... பேப்பர்ல எல்லாம் எழுதறவிங்க. பொய்யப் பாட்டல்ல போட்டுக் குடுத்து உட்டிருக்கறீங்களே!"

அக்கா அழுதாள். பழனியம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்குத் தலைவலி வருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? இங்க வந்தப்புறம் ரெண்டு தடவ வந்துச்சு. கதவச் சாத்திட்டுச் சுருண்டு கெடந்துச்சு. வாந்தி எடுத்தத நாந்தேன் கழுவி உட்டேன். ஒரு வார்த்த கேட்டனுங்களா? வலிய உங்களால மறைக்க முடியலீங்க. மருந்தத்தேன் மறைச்சிருக்கறீங்க."

பிரபு வெளியே போய்க் காருக்குச் சொன்னான். ஐந்து பேரும் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினோம். வண்டி சத்திரப்பட்டி தாண்டியது. பிறகு முன்சீட்டிலிருந்து திரும்பாமலே அவன் சொன்னான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே வினோ."

அவள் குனிந்துகொண்டாள். நான் தடுத்ததை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. "அவ சொல்றேன்னுதான் சொன்னா தம்பி. நான்தான் வேண்டாம்னேன்" என்றேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் அரை மணி நேரம் பேசினார். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதினார். இன்னின்ன மாதத்தில் இன்னின்ன ஸ்கேன் என்றார். மாத்திரையை நிறுத்தியதால் தலைவலி திரும்ப வரலாம், வந்தால் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு, எத்தனை முறைக்கு மேல் கூடாது என்றெல்லாம் சொன்னார். பழனியம்மாள் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மகனைத் தமிழில் எழுதிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் வினோதினியின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார். நாங்கள் நாகல் நகருக்கு ஆட்டோ பிடித்தோம்.

அதன்பிறகு மூன்று மாதம் அவர் எங்களிடம் பேசவில்லை. வினோதினி சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. தலைவலி திரும்பி வந்ததும், அத்தை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியதும், நெற்றியில் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும். யாரோ ஒரு சொந்தக்காரர், "என்ற வூட்ல இருக்குது, தலைவலிக்கு ஒண்ணு போட்டா ஓடிப்போயிரும்" என்று ஒரு மாத்திரையை நீட்டியபோது, "டாக்டரக் கேக்காம இந்தப் புள்ள வாயில ஒண்ணும் போகாதுங்க" என்று திருப்பிக் கொடுத்ததும்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு எங்களையும் வரச் சொன்னார்கள். முதுகெலும்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இதயம் நன்றாக இருக்கிறது. தலை நன்றாக இருக்கிறது. பிறகு கொஞ்சம் நிறுத்தி... மேல் உதட்டில் ஒரு பிளவு தெரிகிறது என்றார். ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

"அந்த மாத்திரையாலதானா டாக்டர்?" அக்கா கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எந்த மாத்திரையும் சாப்பிடாதவங்க குழந்தைக்கும் இது வரும். இதைச் சாப்பிட்ட எல்லாருக்கும் வர்றதும் இல்ல. ஆனா அதனால இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

இந்தப் பதிலோடுதான் நான் இருக்கிறேன். நீதான் காரணம் என்று யாராவது சொன்னால் அழுது தீர்க்கலாம். நீ இல்லை என்றால் மூச்சு விடலாம். இரண்டும் கிடைக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மார்பில் வாய்வைத்துக் குடிக்க முடியவில்லை. வினோதினி பாலை எடுத்துத் தர, பழனியம்மாள் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம். நாலாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. இப்போது மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடுதான். இன்னும் கொஞ்சம் வைத்தியம் பாக்கி இருக்கிறது. குழந்தை நன்றாக எடை கூடுகிறாள்.

வினோதினிக்கு மைக்ரேன் இன்னும் இருக்கிறது. பால் கொடுக்கிற தாய் எதைச் சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டு வேறு மருந்து எடுத்துக்கொள்கிறாள். மருந்து அட்டை சமையலறை அலமாரியில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது.

மருந்துச் சீட்டை நாம் வாங்குவது எதற்கு? கடையில் காட்டுவதற்கு என்றுதான் நினைக்கிறோம். அதில் டாக்டர் எழுதுகிற பாதி விஷயம் கடைக்காரருக்கு அல்ல, வீட்டுக்கு. அந்தப் பாதியைப் பெண்ணைப் பெற்றவர்கள் மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோம். என்ன வியாதி என்பதைவிட, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் நமக்குப் பெரிய பயம்.

ஆபரேஷனுக்கு முன்னால், குழந்தைக்குப் பேர் வைத்த அன்று நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

கீரனூர் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தவர்கள் முகம் சுருங்கியது. ஒரு பெரியம்மா முகவாயில் கைவைத்துக்கொண்டு சொன்னார், "கெரகணத்தன்னைக்கு வெளிய வந்திருப்பாளாட்டிருக்குது. சொன்னா இந்தக் காலத்துப் புள்ளைக எங்க கேக்குது?" சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி வானத்தில் இருக்கிற சூரியன் மேல் போகட்டுமே! அதற்கென்ன வலிக்கவா போகிறது? அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பழனியம்மாள்தான் நிமிர்ந்தார்.

"கெரகணமெல்லாம் இல்லீங்க. அன்னைக்கு இவ வூட்டுக்குள்ளதேன் இருந்தா, நாங்கூடத்தேன் இருந்தேன். இவளுக்கு ஒத்தத் தலைவலி இருக்குதுங்க. அதுக்கு ஒரு மாத்திர சாப்பிட்டுட்டு இருந்தா. உண்டானப்ப நிறுத்தியிருக்கோணும், எங்க யாருக்கும் தெரியல. அதனாலதேன் இப்பிடின்னு டாக்டருங்களும் உறுதியாச் சொல்லலீங்க. ஆனா உங்க வூட்டுப் புள்ளைக என்ன மாத்திர சாப்பிடுதுன்னு கேட்டு வெச்சுக்கோங்க. அம்முட்டுத்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

எங்கள் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வினோதினி குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்தை மறைக்காமல், எல்லாரும் பார்க்கிற மாதிரி.

சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். பின்னாலேயே ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். முன்பின் தெரியாதவர். குழாயை மூடிவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லையா என்று பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, என்ற மருமகளும் தெனமும் ஒரு மாத்திர சாப்பிடுது. நான் வந்தா மூடி வெச்சுக்குது. இப்ப மூணாம் மாசமுங்க அதுக்கு. கேட்டா சொல்லுமுங்களா?"

"திட்ட மாட்டீங்கன்னு தெரிஞ்சா சொல்லுவாங்க" என்றேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பிடீன்னா மொதல்ல நான் அதையச் சொல்லோணுமுங்க" என்றவர், சாப்பிடாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.